வைக்கோல் மேலே, சாணம் கீழே: மேல்மலையில் ஒரு தொழுவம் அமைத்த பதிவு

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகும் சாலையை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் எங்கள் நிலம் வரும். 1 ஏக்கர் 30 சென்ட். பட்டாவில் அது ஒரே துண்டு. நேரில் ஒன்பது தட்டுகள். ஒவ்வொன்றும் 20 முதல் 25 அடி அகலம். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு நெஞ்சளவு உயரம் இறங்க வேண்டும். மேலிருந்து இரண்டாவது தட்டில் வீடு. ஒன்பதாவது தட்டின் காலடியில் ஓடை. கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடியைத் தாண்டிய உயரம். உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட் இவைதான் பயிர்.

பழைய மாட்டுக் கொட்டகை ஒன்பதாவது தட்டில், ஓடையை ஒட்டி இருந்தது. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று எந்தத் தலைமுறையிலோ அங்கே போட்டிருக்கிறார்கள். இரண்டு கலப்பினக் கறவைகளும் ஒரு கிடேரியும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ சாணம் போடும். அத்தனையும் கூடையில், தலைச்சுமையாக, மேலே உள்ள பூண்டுத் தட்டுகளுக்கு ஏறும். வைக்கோலோ வத்தலக்குண்டுப் பக்கமிருந்து லாரியில் வந்து சாலையில் இறங்கி, ஒன்பது தட்டும் இறங்கிக் கீழே போகும். கறந்த பால் மறுபடி மேலே வரும். இந்த ஏற்ற இறக்கத்தை நாற்பது ஆண்டுகள் செய்தவர் என் மாமியார். அவருடைய முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகுதான் கொட்டகையை இடம் மாற்றும் பேச்சே வீட்டில் எழுந்தது. அதற்காக எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மலையில் எதுவும் மேலிருந்து கீழே தானாக வரும். கீழிருந்து மேலே நாம்தான் சுமக்க வேண்டும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் தொழுவத்தின் வரைபடம் முழுவதையும் போட்டேன். சமவெளியில் கட்டியவர்களின் அளவுகளைக் கேட்டு எழுதி வைத்திருந்தேன், அவை உதவின. ஆனால் எதை எங்கே வைப்பது என்பதை அந்த அளவுகள் சொல்லவில்லை. அதை நிலம்தான் சொன்னது.

ஓராண்டு பார்த்தது

கடப்பாரை எடுக்கும் முன் ஓர் ஆண்டு முழுக்கக் கவனித்தோம். அவசரம் இருந்தது, பணமும் கையில் இருந்தது, ஆனாலும் பொறுத்தோம். இந்த ஓராண்டுதான் நான் செய்த செலவுகளிலேயே மலிவானது, பலன் மிகுந்தது.

மூங்கில் குச்சிகளில் சேலைக்கிழிசலைக் கட்டி ஒவ்வொரு தட்டிலும் நட்டேன். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து முகட்டைத் தாண்டி வந்து அடித்தது. எங்கள் சரிவு கிழக்கு பார்த்தது என்பதால் மேல்தட்டுகள் மலையின் மறைவில் இருந்தன. அங்கே துணி சும்மா தொங்கியது. முதல் தட்டில் மட்டும் கிழிந்துபோனது. ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறியது. வடகிழக்கு மழை நேராக எங்கள் முகத்துக்கு வந்தது. காலை வெயிலுக்காகக் கிழக்குப் பக்கத்தைத் திறந்து வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதே பக்கம்தான் மழையும் உள்ளே வரும் என்பது அப்போது தெரிந்தது.

மார்கழியில் அத்தை, அதாவது என் மாமியார், என்னை விடியற்காலையில் எழுப்பி வெளியே கூட்டிப்போனார். "அங்கே பார். பனி தண்ணீர் மாதிரி. கீழே ஓடிப்போய் நின்றுகொள்ளும்" என்றார். எட்டாவது, ஒன்பதாவது தட்டுகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகக் கிடந்தன. ஏழாவதில் திட்டுத்திட்டாக. ஆறிலிருந்து மேலே கிக்குயு புல் பச்சையாகவே இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதை ஒரு கோடுபோல நிலத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கோட்டில் கல் அடுக்கி அடையாளம் வைத்தேன். எங்கள் மாடுகள் இத்தனை காலமும் நிலத்தின் மிகக் குளிர்ந்த மூலையில் படுத்திருந்திருக்கின்றன.

ஓடையோரத்தில் இன்னொரு கேடும் இருந்தது. அது சதுப்பு. சதுப்பில் நத்தை, நத்தையின் வழியாக ஈரல் தட்டைப்புழு. மாடு மேய்ந்தும் இளைக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். கால்நடை ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் புழுமருந்து கொடுத்துவிட்டு, "அந்தப் புல்லில் விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். கொட்டகையே அங்கே இருக்கும்போது எப்படி விடாமல் இருப்பது? நாங்கள் குடிக்கும் தண்ணீர் மேலேயிருக்கும் ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. ஆனால் ஓடை நீரைக் கீழே இருப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். எங்கள் கொட்டகையின் மூத்திரமும் சாணக் கழுவலும் நேராக அதில்தான் கலந்துகொண்டிருந்தது. இடம் மாற்றுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

சுண்ணாம்புக் கோட்டில் நடந்தது

ஓர் அங்குலத்துக்குப் பத்தடி என்று வைத்து நிலத்தைத் தாளில் வரைந்தேன். மாட்டுத் தொழுவம், வைக்கோல் அறை, ஆட்டுப் பரண், கோழிக்கூண்டு, எருக்குழி எல்லாவற்றையும் அதே அளவில் பழைய நாள்காட்டி அட்டையில் வெட்டி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். தாளில் அழகாக உட்கார்ந்த ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நிலத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம்.

பிறகு நானும் அத்தையும் அந்தக் கோட்டுக்குள் ஒரு நாள் வேலையை நடித்துப் பார்த்தோம். கையில் வாளியோடு, தலையில் வெறும் கூடையோடு. பால் கறக்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு, வைக்கோல் அறையிலிருந்து மாடு தின்னும் காடிக்கு, காடியிலிருந்து எருக்குழிக்கு. வைக்கோலை மாட்டின் தட்டிலேயே தென்கோடியில் வைத்திருந்தேன். காலை வேலைக்கு மட்டும் 1,300 காலடிகள் ஆயின. அத்தை நடுவில் நின்று, "வைக்கோலை ஏன் இங்கே இறக்கிவிட்டுப் பிறகு பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்? மேல்தட்டிலேயே நிறுத்து. வேண்டும்போது தள்ளிவிடலாம்" என்றார். தாளில் நான் இரண்டு வாரம் நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடிக்காத விடை அது. தாள் தட்டையானது. அதில் மேலும் கீழும் தெரியாது.

அப்படித்தான் முடிவானது: மூன்றாவது தட்டில் வைக்கோல், நான்காவதில் மாடு, ஐந்தாவதில் சாணக் குழி, ஆறிலிருந்து கீழே வயல். உறைபனிக் கோட்டுக்கு மேலே, வீட்டுக்குக் கீழே, ஊற்றுக்கு வெகு கீழே. புதிய அமைப்பில் காலை வேலை 480 காலடிகளுக்கு வந்தது. வைக்கோல் அறை மாட்டுத் தொழுவத்தோடு ஒட்டாமல் இருப்பதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள்ளே சூடேறும். தீப்பிடித்தால் மாடு கட்டியிருக்கும் கூரைக்குத் தாவக் கூடாது.

நான்காவது தட்டு

தட்டின் அகலம் 22 அடி. அதில் தொழுவம் 15 அடி. பின்னால் மேட்டுச்சுவருக்கும் தொழுவத்துக்கும் நடுவே 4 அடி, முன்னால் 3 அடி. பின்பக்க 4 அடியை விடக் கொத்தனார் அண்ணனுக்கு மனமே இல்லை. மேட்டையே சுவராக வைத்துக்கொண்டால் ஒரு சுவர் மிச்சம் என்றார். மலையில் மேட்டோடு ஒட்டிக் கட்டிய எந்தச் சுவரும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதை எங்கள் பழைய சமையலறையில் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுக்கவில்லை.

மலைப்பகுதியில் மண் அள்ளும் இயந்திரம் கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும். எங்கள் பாதையில் அது வரவும் வராது. மண்வெட்டி, கடப்பாரை, நான்கு ஆட்கள். தட்டைச் சமன்செய்ய மேட்டுப்பக்கம் இரண்டடி வெட்டிப் பள்ளப்பக்கம் கொட்டினோம். வெட்டிய மண் கெட்டி. கொட்டிய மண் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்துகொண்டே இருக்கும். அதனால் தூண்கள் எல்லாம் வெட்டிய பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, கொட்டிய பக்கத்தை நடைபாதைக்கு விட்டோம். மரம் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சொந்தப் பட்டாவில் நிற்பதாக இருந்தாலும் மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. நாங்கள் சதுரக் குழாய்த் தூண்களைச் சாலையிலிருந்து தோளில் கொண்டுவந்தோம்.

மட்டம் பார்த்தது தண்ணீர்க் குழாயில். கண்ணாடிபோல் தெரியும் 30 அடி ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையைக் கொத்தனார் அண்ணன் வடக்குத் தூணில் பிடிக்க, மறுமுனையை நான் தெற்கில் பிடித்தேன். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். அதனால் விரலால் தட்டித் தட்டிக் குமிழை விரட்டிவிட்டு, தண்ணீர் ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து கோடு போட்டோம். தரைச் சரிவில் நான் பிடிவாதமாக இருந்தது இதனால்தான். மாடு நிற்கும் ஐந்தரை அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு. அதற்குக் குறைந்தால் மூத்திரம் தேங்கும், குளம்பு அழுகும், மடியில் நோய் ஏறும். கூடினால் சினைமாட்டின் முழுப்பாரமும் பின்னங்காலில் விழும். மூத்திர வாய்க்காலுக்கு 18 அடி நீளத்துக்கு 4 அங்குல இறக்கம் கொடுத்தோம்.

குறுக்கு அளவு இப்படி: மேட்டுப்பக்கம் தீவன நடை 3 அடி, காடி 2 அடி, மாடு நிற்க ஐந்தரை அடி, வாய்க்கால் 1 அடி, கறப்பவர் நடக்க மூன்றரை அடி. ஆக 15. மாடு ஒவ்வொன்றுக்கும் 4 அடி அகலம். தலை மேற்கே மேட்டைப் பார்த்து, பின்புறம் கிழக்கே. வைக்கோல் மேல்தட்டிலிருந்து ஒரு சரிவுப் பலகை வழியாகத் தீவன நடையில் விழும். சாணமும் மூத்திரமும் பள்ளப்பக்கம் விழும். காலை வெயில் நேராக வாய்க்கால்மேல் விழுந்து எட்டரை மணிக்குள் தரையைக் காயவைத்துவிடும். ஈரம் காய்ந்த தரைக்கு ஈடான மருந்து எதுவும் கடையில் இல்லை.

நீளம் 24 அடி. வடகோடி 6 அடியைத் தீவன அறையாக்கிக் கல்சுவரால் முழுக்க அடைத்தேன். வடகிழக்கு மழையின் அடியை அது வாங்கிக்கொள்ளும். அடுத்த 6 அடி கன்றுகளுக்கு. பிறகு மூன்று மாட்டுக்கான 12 அடி. அதற்குத் தெற்கே கல் பாவிய திறந்த முற்றம். கறவை ஒன்றுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டரும் வெளியில் 7 சதுர மீட்டரும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சிறு நிலக்காரர்கள் வெளியிடத்தைத்தான் முதலில் வெட்டிவிடுவார்கள். நானும் அந்த இடத்தில் ஒரு பாத்தி கேரட் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. பகல் முழுக்க வெயிலில் நின்று அசைபோடும் மாட்டைப் பார்க்கும்போது அந்தக் கேரட் நினைவுக்கே வருவதில்லை.

கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர்

முதல் குளிர்காலத்தில் தவறு செய்தேன். மாட்டுக்குக் குளிருமே என்று கிழக்கு அரைச்சுவருக்கு மேலே தார்ப்பாயைத் தொங்கவிட்டு, சந்துபொந்துகளில் எல்லாம் சாக்கு அடைத்து, பெட்டிபோல மூடிவிட்டேன். உள்ளே போனால் கதகதப்பாக இருந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

பத்து நாளில் கன்று இருமத் தொடங்கியது. விடியற்காலையில் விளக்கோடு போனேன். மழை இல்லை, ஆனால் மாடுகளின் முதுகு நனைந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் தகரத்தின் அடிப்புறம் முழுக்க வியர்வை முத்துகள். ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, ஆணிப் புள்ளியில் வந்து நின்று, சொட்டியது. மாடு ஒரு நாளில் மூச்சாலும் தோலாலும் பல லிட்டர் நீரை வெளியே விடுகிறது. அது போக வழியில்லாமல் குளிர்ந்த தகரத்தில் பட்டு, திரும்ப அதன் முதுகிலேயே விழுந்துகொண்டிருந்தது.

கால்நடை ஆய்வாளர் வந்தவர் கன்றைத் தொடும் முன் என்னைக் குந்தச் சொன்னார். "கன்றின் மூக்கு எங்கே இருக்கிறதோ அந்த உயரத்தில் மூச்சை இழுங்கள்." இழுத்தேன். கண் எரிந்து நீர் வந்தது. மூத்திரம் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அம்மோனியா. நின்றுகொண்டிருந்த என் மூக்குக்கு அது எட்டவே இல்லை. கன்று அதைத்தான் இரவு முழுக்கச் சுவாசித்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், என்றாலும் அந்த ஒரு மூச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வளர்ந்த மாட்டுக்குக் காய்ந்த குளிர் பெரிய பகையில்லை. ஈரமும், உடம்பில் நேராக அடிக்கும் காற்றும்தான் பகை. ஆகவே காற்றை மாட்டின் உயரத்தில் தடுக்க வேண்டும். கூரை முகட்டில் வெளியே விட வேண்டும். தொழுவத்தின் அகலம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற கணக்கில் முகட்டில் திறப்பு இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் 15 அடிக்கு 3 அங்குலம். முகட்டுத் தகரத்தைக் கழற்றி, இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் பின்வாங்கி வெட்டி, மேலே அரையடி உயரத்தில் கம்பிக்கால் வைத்து, அகலமான புதுத் தகரத்தைக் குடைபோலக் கவிழ்த்தோம். ஒரு நாள் வேலை. தார்ப்பாயை இறவாணம் வரை மூடாமல், மேலே ஓரடி இடைவெளி விட்டு, மழையடிக்கும்போது மட்டும் இறக்கிவிடும்படி கயிற்றில் சுருட்டிக் கட்டினோம். கன்றுப் பட்டிக்கு மட்டும் தாழ்வாக ஒரு பலகைக் கூரையும், கீழே கையளவு கனத்துக்கு உலர்ந்த புல்லும்.

மூன்றாம் நாள் விடியலில் ஏணி வைத்து ஏறித் தகரத்தின் அடிப்புறத்தைக் கையால் தடவினேன். உலர்ந்திருந்தது. கன்றின் இருமல் நிற்க மேலும் பதினைந்து நாளும் மருந்தும் ஆனது.

பின்பக்கம் சரிந்தது

அடுத்த ஐப்பசியில் பின்மேடு ஏழடி நீளத்துக்கு இடிந்து, பின்பக்க 4 அடி இடைவெளியில் மழைநீர் ஓடும் வாய்க்காலை அடைத்துவிட்டது. தீவன நடை முழுக்கச் சேறு. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கூரைக்கு முன்பக்கம் மட்டும் மழைநீரைப் பிடிக்கும் தகர வாய்க்கால் மாட்டியிருந்தேன். பின்பக்கத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று பணத்தை மிச்சம் பிடித்திருந்தேன். கூரை 480 சதுர அடி. ஓர் அங்குல மழைக்கு ஏறத்தாழ 1,130 லிட்டர். அதில் பாதி, மேட்டின் காலடியில் ஒரே கோட்டில் கொட்டி மண்ணை அரித்திருக்கிறது. மேல்தட்டிலிருந்து கசிந்த நீர் மீதியைச் செய்திருக்கிறது.

சரிந்த மண்ணை அள்ளிவிட்டு, மேட்டுக்குக் கல் கட்டினோம். சாந்து வைக்காத கல்கட்டு. பின்னால் நீர் தேங்காமல் கல்லிடுக்கில் கசிந்து வந்துவிடும். சாந்து பூசிய சுவராக இருந்தால் துளை விட வேண்டும், துளையும் நாளடைவில் அடைபடும். மேல்தட்டின் உள்விளிம்பில் ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டி, நீர் எங்கள் தலைக்கு மேலே வரும் முன்பே பக்கவாட்டில் திருப்பிவிட்டோம். கல்கட்டின் உச்சியில் கிக்குயு புல்லை மண்ணோடு பெயர்த்துப் பதித்தோம். மண்ணையும் பிடித்துக்கொள்கிறது, அறுத்துப் போடவும் ஆகிறது. கூரை நீர் இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு தொட்டிக்குப் போகிறது. மாடு கழுவ அதுதான். கூரையிலிருந்து வரும் சுத்தமான தண்ணீர் சாணத்தில் கலந்தால், அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவர் யார் என்பதை யோசித்தால் போதும்.

ஆட்டுப் பரண்

மன்னவனூரில் மத்திய செம்மறி, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது; அங்கே வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளுக்கு உரோமமே போர்வை. எங்களுடையவை பழனிப் பக்கமிருந்து வாங்கிவந்த எட்டு வெள்ளாடுகள். போர்வை இல்லாதவை. ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி என்று, 12 அடிக்கு 8 அடியில் பரண் அமைத்தேன். நான்காவது தட்டின் தென்கோடியில், வீட்டுச் சமையலறைச் சன்னலிலிருந்து நேராகத் தெரியும் இடத்தில். சிறுத்தை நடமாடும் ஊரில் ஆட்டுப்பட்டி கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். பக்கங்களில் கனத்த கம்பி வலை. கூரைக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. ஆடு பறிகொடுத்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் மேலே விட்டிருந்த இடைவெளியைத்தான் சொன்னார்கள்.

தரைப்பலகைகளுக்கு இடையே அரை அங்குலத்துக்குச் சற்று மேலாக இடைவெளி. புழுக்கை விழும், குட்டியின் குளம்பு சிக்காது. கீழே நாலரை அடி உயரம், குனிந்து கூட்டி வழிக்க. சமவெளியில் இது காற்றோட்டம் என்று கொண்டாடப்படும் அமைப்பு. இங்கே தை மாத இரவில் அதே இடுக்குகள் வழியாகக் கீழ்க்காற்று ஏறி, படுத்திருக்கும் ஆட்டின் வயிற்றில் அடித்தது. இரண்டு குட்டிகளை இழந்தேன். அதன்பின் பரணின் கீழ்ப்புறத்தை மேற்கிலும் வடக்கிலும் பலகையால் பாவாடைபோல மறைத்தேன். உள்ளே மூன்றில் ஒரு பங்குக்கு இடுக்கில்லாத பலகையும் அதன்மேல் புல்லும் போட்டேன். ஆடுகள் இரவில் அங்கேதான் போய் ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கின்றன. பகலில் இடுக்குத் தரையில் நிற்கின்றன. அவற்றுக்கே தெரிந்திருக்கிறது.

பரணை ஒட்டி, மரப்பெட்டிபோல் ஒரு தனிப்பட்டி. புதிதாக வாங்கும் ஆடு எதுவும் முதல் 21 நாள் அங்கேதான். ஆட்டுக்கொல்லி நோய் ஒரு முறை உள்ளே நுழைந்தால் மந்தையையே வாரிக்கொண்டு போகும்.

கோழிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினைந்து கோழிகளுக்கு 30 சதுர அடிக் கூண்டு, எருக்குழிக்குப் பக்கத்தில். தீவன அறைக்குமேல் கூண்டு வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். எச்சமும் எலியும் தீவனத்தில் சேரும் என்பதால் வேண்டாம்.

ஐந்தாவது தட்டு

வாய்க்காலின் முனையில் நான்கு அங்குலக் குழாய் ஒன்று கீழ்த்தட்டுக்கு இறங்குகிறது. அங்கே ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன். நாளுக்கு 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் போதும். மிச்சச் சாணமும் படுக்கைப் புல்லும் கூரை போட்ட எருக்குழிக்கு. எரிவாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 பாகை செல்சியஸ் வெப்பம் பிடிக்கும், 15க்குக் கீழே போனால் சுணங்கிவிடும் என்பதால், நாள் முழுக்க வெயில் படும் இடத்தைப் பார்த்துக் கலனைப் புதைத்து, சுற்றிலும் மக்கும் எருவைக் கரைபோல அணைத்து வைத்தேன். எரு மக்கும்போது வரும் சூடு கலனுக்குப் போகிறது. கோடையில் காலைச் சமையல் முழுவதும் அதில் நடக்கிறது. தையில் காப்பிக்கும் பாலுக்கும் மட்டும்தான் வருகிறது.

எங்கள் நிலத்தில் கீழிருந்து மேலே தானாக வரும் ஒரே பொருள் இந்த எரிவாயுதான். ஐந்தாவது தட்டிலிருந்து இரண்டாவது தட்டு அடுப்புக்குக் குழாய் ஏறுகிறது. குழாயில் படியும் நீர் தானாகக் கலனுக்கே வழிந்து திரும்பிவிடுகிறது. நடுவில் தொய்வு மட்டும் இருக்கக் கூடாது. ஓரிடத்தில் தொய்ந்திருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அடுப்புச் சுடர் விட்டுவிட்டுக் குதித்தது. கயிற்றால் தூக்கிக் கட்டியதும் நின்றது.

கலனிலிருந்து வழியும் கரைசல் ஆறாவது தட்டுப் பூண்டுக்குச் சின்ன வாய்க்காலில் இறங்குகிறது. கூடை இப்போது சுவரில் தொங்குகிறது.

கிடேரிக்குச் சினை பிடித்திருக்கிறது. மாசியில் ஈனும். ஈற்றுக்கென்று தனி இடம் என் வரைபடத்தில் இல்லை. மூன்று மாடு நிற்கும் வரிசையில் அதைக் கட்டிவைத்து ஈனவிட முடியாது. முற்றத்தின் மேற்குப் பக்கத்தில், கல்கட்டின் மறைவில், 10 அடிக்கு 12 அடி என்று நேற்று சுண்ணாம்பு போட்டுக் குச்சி நட்டேன். அத்தை கைத்தடியோடு வந்து நான்கு மூலையையும் சுற்றி நடந்தார். தென்கிழக்குக் குச்சியைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டார். "சன்னலிலிருந்து பார்த்தால் தூண் மறைக்கிறது. ராத்திரி அது படுத்திருக்கிறதா, நின்றுகொண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். சமையலறைக்கு ஏறிப்போய்ச் சன்னலில் நின்று பார்த்தேன். நான்கு குச்சியும் தெரிந்தன.